ஆல்பினோ லவ் பேர்ட்ஸ் எடுக்க ஜோடி சேர்ப்பது எப்படி

வெள்ளை உடம்பு, சிவப்புக் கண் கொண்ட ஆல்பினோ எடுக்க ஆசை என்று மதுரை வில்லாபுரத்துக்கு என்னைத் தேடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் இப்போது எப்படி வளர்க்கிறீர்கள் என்பதைத்தான். பெரிய கூண்டு ஒன்று, அதில் பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் கலந்து பத்துப் பன்னிரண்டு பட்ஜிகள் (நம்ம ஊரில் லவ் பேர்ட்ஸ் என்பது இவற்றைத்தான்), சுற்றிலும் முட்டையிடும் பானைகள். பெரும்பாலும் இதுதான் பதில். அந்தக் கூண்டில் எந்தக் குஞ்சுக்கு எது அப்பன் என்று சொல்லவே முடியாது. அப்பன் தெரியாமல் நிறத்தைக் கணக்குப் போட வழியில்லை. ஆகவே முதல் வேலை, ஜோடிக்கு ஒரு கூண்டு, ஜோடிக்கு ஒரு பானை. பெட்டை ஏற்கெனவே வேறு ஆணோடு இருந்திருந்தால் மூன்று வாரமாவது தனியாக வையுங்கள். பழைய ஆணின் வித்து அதன் உடம்பில் கொஞ்ச நாள் தங்கும்; அதற்குள் புது ஜோடி போட்டால் முட்டை யாருடையது என்ற சந்தேகம் வந்துவிடும்.

இப்போது நிறத்துக்கு வருவோம். பட்ஜி பச்சையாகத் தெரிவதற்கு இறகில் இரண்டு சங்கதி வேண்டும். ஒன்று மஞ்சள் நிறமி. இன்னொன்று மெலனின் என்ற கருநிறமி; இறகின் அமைப்போடு சேர்ந்து அதுதான் நீலத்தைக் காட்டுகிறது. மஞ்சள் போய்விட்டால் பறவை நீலம். கருநிறமி போய்விட்டால் மஞ்சள் உடம்பு, சிவப்புக் கண், அதுதான் லூட்டினோ. இரண்டும் சேர்ந்து போனால் ஆல்பினோ. கருநிறமியைப் போக்கும் குணத்துக்குத்தான் இனோ என்று பெயர். அதாவது, நமக்கு வேண்டியது நீலமும் இனோவும் ஒரே குஞ்சில் கூடுவது.

இந்த இரண்டும் இறங்கும் வழி வேறு வேறு. நீலம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சு பச்சையாகவே இருக்கும், உள்ளே நீலத்தை வைத்திருக்கும். அதைத்தான் ஸ்பிளிட் என்கிறோம். இனோ அப்படி இல்லை, அது இசட் என்ற பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரே இசட். அந்த ஒன்றும் அப்பனிடமிருந்து வருவது. ஆகவே பெட்டைக் குஞ்சு சிவப்புக் கண்ணோடு பிறக்குமா என்பதை முடிவு செய்வது அப்பன் மட்டுமே. பெட்டையில் இனோ ஸ்பிளிட் என்று ஒன்று கிடையாது. இருந்தால் கண்ணில் தெரியும். 'இனோ ஸ்பிளிட் பெட்டை' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் வாங்க வேண்டாம்.

என் திட்டம் மூன்று சீசன் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகாத பறவையை நான் ஜோடி போடுவதில்லை, அதனால் வருடத்துக்கு ஒரு தலைமுறைதான்.

முதல் சீசனில் லூட்டினோ ஆணையும் ஸ்கை ப்ளூ பெட்டையையும் சேருங்கள். ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத இரண்டு ஜோடி இப்படி வேண்டும். குஞ்சுகளில் பெட்டை எல்லாம் லூட்டினோ, ஆண் எல்லாம் பச்சை. பானைக்குள்ளேயே ஆண் பெண் தெரிந்துவிடும். இன்னும் சீக்கிரமாகவே பார்க்கலாம்: பொரித்து மூன்று நான்கு நாளில், இறகு முளைக்கும் முன், மூடிய இமைக்கு அடியில் கண் கறுப்பு உருண்டையாகத் தெரிந்தால் பச்சை, வெளிறிய சிவப்பாகத் தெரிந்தால் லூட்டினோ. குஞ்சை உள்ளங்கையில் வைத்து வெயில் பக்கம் லேசாகத் திருப்பினால் போதும். உங்கள் லூட்டினோ ஆண் நீலத்துக்கு ஸ்பிளிட்டாக இருந்தால் முதல் அடையிலேயே ஆல்பினோ பெட்டை வந்துவிடும். அது அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இரண்டாவது சீசனில் இரண்டு வேலை. முதல் ஜோடியின் பச்சை ஆணை வெளியிலிருந்து வாங்கிய ஸ்கை ப்ளூ பெட்டையோடு போடுங்கள். இதில் எட்டில் ஒரு குஞ்சு ஆல்பினோ, அதுவும் பெட்டையாக மட்டுமே. எட்டில் ஒன்று என்பதால் எட்டாவது முட்டையில் கட்டாயம் வரும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முட்டைக்கும் சீட்டுக் குலுக்கல் புதிதாக நடக்கிறது. ஓர் அடை முழுக்க வராமலும் போகலாம்.

அப்புறம், இரண்டாவது ஜோடியின் லூட்டினோ பெட்டையை வேறொரு ஸ்கை ப்ளூ ஆணோடு போடுங்கள். இதில் ஒரு சிவப்புக் கண் குஞ்சுகூட வராது. இதைப் பார்த்துத்தான் பலர் பொறுமை இழந்து ஜோடியைப் பிரித்துவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கூண்டில் பிறக்கும் நீல ஆண் ஒவ்வொன்றும் சந்தேகமில்லாமல் இனோ ஸ்பிளிட். பச்சை ஆணைப் போட்ட முதல் கூண்டின் நீல ஆண்களில் பாதிதான் அப்படி. எந்தப் பாதி என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு இந்த இரண்டாவது கூண்டுதான் பொக்கிஷம்.

மூன்றாவது சீசனில் அந்த நீல ஆணும், முதல் கூண்டில் கிடைத்த ஆல்பினோ பெட்டையும். குஞ்சுகளில் பாதி ஆல்பினோ, ஆணும் உண்டு பெட்டையும் உண்டு. மீதி எல்லாம் நீலம். ஆல்பினோவோடு ஆல்பினோவைச் சேர்த்தால் எல்லாமே வெள்ளையாக வரும், உண்மைதான். ஆனால் அதையே தலைமுறை தலைமுறையாகச் செய்வதை நான் விரும்புவதில்லை. நல்ல உடம்புள்ள நீலத்தை நடுநடுவே சேர்த்துக்கொண்டே இருந்தால்தான் குஞ்சு திடமாக இருக்கும்.

நீலம் வாங்கும்போது முகத்தைப் பாருங்கள். முகம் சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் முகம் கொண்ட நீலத்தை இந்த வரிசையில் விட்டால் பால் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் பூசிய கிரீமினோதான் வரும். லூட்டினோவின் மஞ்சளுக்குள் இந்தக் குணம் ஒளிந்திருந்தால் வெளியே தெரியாது. அதனால் லூட்டினோவை அதன் தாய் தகப்பனைப் பார்த்து வாங்குவது நல்லது. லூட்டினோ ஆணுக்கு மூக்கு நீலமாக மாறாது, இளஞ்சிவப்பு கலந்த ஊதாவிலேயே நிற்கும். பருவத்துக்கு வந்த பெட்டைக்குப் பழுப்பு.

நம்ம ஊர் வெயிலுக்குப் பானை வைக்கும் காலம் ஐப்பசியிலிருந்து மாசி வரை. பங்குனியோடு பானையை எடுத்துவிடுங்கள். சித்திரையில் நாற்பது டிகிரியைத் தொடும் மொட்டை மாடியில் அடை உட்கார வைப்பது அந்தப் பெட்டைக்குச் செய்யும் கொடுமை. சீசனுக்கு இரண்டு அடை போதும். ஒன்றுவிட்டு ஒரு நாள் என நாலு முதல் ஆறு முட்டை இடும். பதினெட்டு நாளில் பொரிக்கும். ஏழாம் நாள் செல்போன் டார்ச்சில் பார்த்தால் கரு பிடித்த முட்டையில் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். கணவாய் ஓடு கூண்டில் எப்போதும் தொங்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிப் பெட்டை இறந்துபோகலாம். தீனிக்குக் கீழமாசி வீதியில் தினை வாங்கிப் புடைத்துக் கொடுக்கிறேன், கூடவே முருங்கைக்கீரை.

பொரித்த ஒரு வாரத்தில், விரல் மென்மையாக இருக்கும்போதே எண் போட்ட வளையத்தைக் காலில் ஏற்றி, அன்றே நோட்டில் எழுதுங்கள்: வளைய எண், அப்பன், அம்மா, பொரித்த தேதி, கண் நிறம். பறவையை யாருக்காவது கொடுக்கும்போது அந்த வரியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் அடுத்த ஐப்பசியில் ஜோடி போடும்போது அவருக்கு அது தேவைப்படும்.