ஆடறதை நிறுத்திட்டு டீம் நடத்தறது எப்படிங்க?

முட்டி போயிருச்சு, ஓடி ரன் எடுக்க முடியலை, ஆனா ஞாயித்துக்கெழமை கிரவுண்டுக்கு போகாமயும் இருக்க முடியலை, கோபி பக்கம் டென்னிஸ் பால் டீம்ல என் நெலமை இதுதானுங்க. இதே மாதிரி இருக்கறவங்களுக்குத்தான் எழுதறேன்.

நெம்ப நல்லா ஆடுனவந்தான் டீம் நடத்தோணும்கற நெனப்பை மொதல்ல விட்ருங்க. கியூபால பிரஸ்டன் கோமஸ்னு ஒரு பேஸ்பால்காரர். பிரஸ்டன்கறது பொறந்த ஊரோட சக்கரை ஆலை பேரு, நம்மூர்ல பல்லடத்தான்னு கூப்பிடறாப்ல அதுவே நின்னுபோச்சு. அமெரிக்க மேஜர் லீக்ல ஆடினது 1944ல வெறும் 8 மேட்ச். அந்த ஆளுதான் 1969ல புது டீமான சான் டியாகோ பேட்ரஸ்க்கு மொத மேனேஜர், அதாவது யார் ஆடறது, யாரை மாத்தறதுன்னு முடிவு பண்றவர்.

நடுவுல டாட்ஜர்ஸ்ங்கற இன்னொரு டீம்ல தேர்ட் பேஸ் கோச்சா நின்னு ‘ஓடு, நில்லு’ன்னு கை காட்டிட்டு இருந்தார். நீங்களும் மொதல்ல வெளிய நின்னு பாத்துப் பழகோணும், ஒரு சீசன் ஸ்கோர் நோட்டை வாங்கி வெச்சுக்குங்க, எவன் எந்த ஓவர்ல சோர்றான்னு அதுலயே தெரிஞ்சுரும்.

அப்பறம்தான் திட்டு வாங்கற வேலை. 1970 ஜூலை 21, பேட்ரஸ்ல பந்து போடற கிளே கிர்பி மொத்தம் 9 இன்னிங்ஸ்ல 8 போட்டு ஒரு ஹிட் (பந்தை அடிச்சு பத்திரமா பேஸ் சேர்றது) கூட விடலை, ஆனா வாக் (மோசமா பந்து போட்டதால சும்மா பேஸ் குடுக்கறது), ஸ்டீல் (பந்து போடறப்பவே ஓடி அடுத்த பேஸ் புடிக்கறது)னு ஒரு ரன் போயி டீம் 0-1ல பின்னாடி நிக்குது. கோமஸ் என்ன பண்ணார்னா கிர்பிக்கு பதிலா சிட்டோ கேஸ்டனை பேட்டிங்குக்கு அனுப்பிட்டார், அப்டி அனுப்பினா கிர்பி திரும்ப பந்து போட முடியாது. கேஸ்டன் அவுட், மேட்ச் 0-3 தோல்வி, கூட்டம் கத்தித் தீத்துச்சு. மேட்ச் முழுக்க ஒரு ஹிட் கூட விடாம போட்டா அது நோ-ஹிட்டர், பேட்ரஸ்க்கு மொத நோ-ஹிட்டர் கெடைச்சது 2021லதான்! மனுசன் அசரலையே, 1974ல ஹூஸ்டன் டீமுக்கு மேனேஜரா இருந்தப்ப, ஹிட்டே விடாம பந்து போட்டுட்டு இருந்த டான் வில்சனையும் இதே மாதிரி எடுத்தார், அதுவும் தோல்வி. (அந்த கேஸ்டனே பின்னாடி மேனேஜராகி 1992, 1993ல டொரான்டோ டீமுக்கு வேர்ல்ட் சீரிஸ்ங்கற மேஜர் லீக் பைனலை ஜெயிச்சு குடுத்தார்.)

எனக்கு கோமஸ் பண்ணது சரின்னுதான் தோணுது, ரன் வேணும்னா பேட்ஸ்மேனைத்தான அனுப்போணும். ஆனா இதை மேட்சுக்கு முன்னாடியே பசங்ககிட்ட பேசி வெச்சுருங்க. நான் பேசலை, ஹாட்ரிக் பால் பாக்கி இருந்த பையன்கிட்டயிருந்து பந்தை வாங்கி வேறொருத்தனுக்கு குடுத்தேன், அவன் ரெண்டு மாசம் எங்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசலைங்க. தோத்தா ‘நாந்தான் சொன்னேன்’னு நீங்களே முன்னாடி நின்னுக்குங்க.

என்ட்ரி பீஸ் வசூலை மட்டும் கேப்டன் தலைல கட்டிருங்க.