ரெசொல்யூட் – கிரீஸ் ஃபியோர்டு: வான்தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடும் முறை

குமரி மாவட்டத்துத் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு ஜிபிஎஸ் கணக்கு கைவந்தது. அட்சரேகையில் ஒரு மினிட் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 60 மினிட் சேர்ந்தால் ஒரு டிகிரி, ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர். கன்னியாகுமரி 8 டிகிரியில் இருப்பதால் இங்கே தீர்க்கரேகையின் ஒரு டிகிரியும் 110 கிலோமீட்டர் வரும். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டாலும் பெரிய பிசகில்லை. வடதுருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடுவதால் இந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

கனடாவின் வடக்கே நுனாவுட் பகுதியில் ரெசொல்யூட் என்ற ஊர் ஒரு தீவில், கிரீஸ் ஃபியோர்டு என்ற ஊர் வேறொரு தீவில். இரண்டுக்கும் இடையே சாலை கிடையாது, விமானம்தான் வழி.

முதலில் இரு ஊர்களின் எண்களையும் எழுதுங்கள். ரெசொல்யூட் வடக்கு 74°42', மேற்கு 94°58'. கிரீஸ் ஃபியோர்டு வடக்கு 76°25', மேற்கு 82°54'. மினிட்டை 60ஆல் வகுத்துத்தான் புள்ளிக்குப் பின் எழுத வேண்டும். 74°42' என்பது 74.70, பலரும் 74.42 என்று எழுதி அங்கேயே 31 கிலோமீட்டரைத் தொலைத்துவிடுகிறார்கள்.

அட்சரேகை வித்தியாசம் 1.72 டிகிரி. 111.2ஆல் பெருக்க 191 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் 12.07. இதை 111.2ஆல் பெருக்கி, இரு ஊர்களுக்கும் நடு அட்சரேகையான 75.56இன் கொசைனாலும் (0.249) பெருக்குங்கள்: சுமார் 335. இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 385 கிலோமீட்டர். கொசைனை விட்டுவிட்டால் 1,350ஐத் தாண்டும்!

செல்போன் கால்குலேட்டர், கோணத்தை டிகிரியில் எடுக்காமல் வேறு அளவில் எடுக்கும் 'ரேடியன்' முறையில் இருந்தால் 0.249க்குப் பதில் 0.987 காட்டும். நம் ஊர் அட்சரேகைக்கு வரும் எண்போலவே இருப்பதால் சந்தேகமே வராது. அதனால் முதலில் கொசைன் 60 போட்டுப் பாருங்கள், 0.5 வந்தால் சரி. செல்போன் வரைபடத்தை நம்பிக் கண்ணளவில் தூரம் சொல்லவும் கூடாது. அந்த அட்சரேகையில் அது நிலத்தை ஏறக்குறைய நான்கு மடங்கு இழுத்துக் காட்டுகிறது.

இனி நேரம். குட்டையான சரளை ஓடுதளத்திலும் இறங்கக்கூடிய ட்வின் ஆட்டர் விமானத்துக்கு மணிக்கு 270 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம். 385ஐ 270ஆல் வகுத்தால் 1.43 மணி. இது 1 மணி 43 நிமிடம் அல்ல, 0.43ஐ 60ஆல் பெருக்க வேண்டும், அதாவது 1 மணி 26 நிமிடம். ஏறவும் இறங்கவும் 15 நிமிடம் சேருங்கள். 50 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால் வேகம் 220, பறப்பது 1 மணி 45 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 1 மணி 12 நிமிடம். போகும்போது 19 நிமிடம் நட்டம், வரும்போது 14 நிமிடம்தான் லாபம்; காற்று சரிக்குச் சரி ஆகிவிடும் என்று எரிபொருளைக் கணக்குப் போட்டால் குறையும்.

கடைசியாகக் கடிகாரம். கிரீஸ் ஃபியோர்டு ரெசொல்யூட்டைவிட ஒரு மணி நேரம் முன்னே. காற்றில்லாத நாளில் காலை 10க்குப் புறப்பட்டவர் அங்கே இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரம் 12:41 காட்டும். திரும்பும் பயணமோ 41 நிமிடத்தில் முடிந்ததுபோல் தோன்றும். இரு திசைக்கும் ஒரே ஊரின் கடிகாரத்தை வைத்துக் கழியுங்கள்.