அமேசான் தாழ்நிலப் பழங்குடிகளின் மரபணு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமேசான் தாழ்நிலத்தில் வாழும் சூருயி, கரிதியானா போன்ற பழங்குடிகளிடம் மரபணு வேறுபாடு குறைவு என்று படித்ததும், அமேசான் மக்கள் அனைவருமே ஏறத்தாழ ஒரே வார்ப்பு என்று எழுதிவிடுவதுதான் தருமபுரி மாணவர்களின் கட்டுரைகளில் நான் அடிக்கடி திருத்த நேரும் பிழை. வேறுபாடு குறைந்திருப்பது ஒவ்வொரு குழுவுக்குள்ளும்தான். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே அது மிகப் பெரிது. ஆண்டிஸ் மலைப்பகுதியில், மக்கள்தொகையும் பெண் கொடுத்து எடுக்கும் வட்டமும் பெரிதாக இருந்ததால், நிலைமை இதற்கு நேர்மாறு.

காரணத்தை நம் கொல்லையிலேயே காட்டலாம். கேழ்வரகுக்கு ஊடே விளைந்த மொச்சையில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு எல்லாம் கலந்திருக்கும். அதிலிருந்து விதைக்குப் பத்துக் கொட்டையை மட்டும் ஒருவர் எடுத்து வைத்தால் கறுப்பு விடுபட்டுப் போகலாம். பக்கத்து வீட்டார் எடுத்த பத்தில் கறுப்பே மிகுந்திருக்கலாம். ஆண்டுதோறும் இப்படியே எடுத்து விதைத்தால், நாளடைவில் ஒவ்வொரு கொல்லையும் ஏறத்தாழ ஒரே நிறமாகிவிடலாம், ஆனால் ஊர் முழுக்கப் பார்த்தால் எல்லா நிறமும் எங்காவது இருக்கும். சிலராகப் பிரிந்து சென்று தனித்தே பெருகிய சிறு குழுக்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

வேறுபாடு குறைவு என்பதைக் ‘கலப்பில்லாத தூய இனம்’ என்று வாசிப்பது அடுத்த தவறு. ஆஸ்திரேலியா, பப்புவா பழங்குடிகளோடு நெருக்கம் காட்டும் ஒரு சிறு மரபுக்கூறு சூருயி, கரிதியானா மக்களிடமும் இருப்பதை 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதேபோல, 1969-இல் வெளியாரோடு தொடர்பு ஏற்பட்டபின் தட்டம்மையும் காசநோயும் சூருயி மக்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனதை விட்டுவிட்டு, இன்றைய சிறு எண்ணிக்கைக்குத் தமக்குள்ளேயே மணக்கும் வழக்கத்தை மட்டும் காரணமாக்குவதும் சரியன்று.

பெயரை நம்புவது நமக்கே உரிய தவறு. சித்தேரி மலையில் வாழும் ‘மலையாளி’ மக்களைக் கேரளத்தாரோடு சேர்த்துப் பேசுவோர் அரூரிலேயே உண்டு. அவர்களோ தமிழ் பேசுபவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தம் மரபைச் சொல்பவர்கள். இருளர் என்ற ஒரே பெயர் நீலகிரியிலும் தேன்கனிக்கோட்டையிலும் செங்கல்பட்டிலும் வழங்குகிறது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபுக்கூறு (இரத்தச் சிவப்பணுவை அரிவாள் போல வளையச் செய்யும் மரபணு மாற்றம்) இருப்பது 1952-இல் கண்டறியப்பட்டது என்பதற்காக, அந்த முடிவைத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அஞ்செட்டி இருளருக்கு எழுதிவிட முடியாது. அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும், அதையும் எதற்காக எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.