மாதக் கட்டணம் இல்லாமல் டிவி: ஆன்டெனாவா, பிராட்பேண்டா? சிங்கப்பூர் வீடுகளுக்கான செய்முறை

பிள்ளைகள் தனிவீடு போனபின் தனியாக இருக்கும் பெற்றோருக்கு டிவி பொருத்திக்கொடுக்க நினைப்பவர்களுக்காகவும், புதிதாக வாடகை வீட்டுக்கு வந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இலவச டிவி வீட்டுக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. காற்றில் வரும் சிக்னலை ஆன்டெனாவில் பிடிக்கலாம், அல்லது இணையம் வழியாக, உள்ளூர் டிவி நிறுவனமான மீடியாகார்ப்பின் மீவாட்ச் செயலியில் பார்க்கலாம்.

முதலில் ஆன்டெனாவை முயலுங்கள் என்பதே என் கருத்து. பிராட்பேண்ட் ஏற்கெனவே இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இலவச டிவிக்காக மட்டும் யாரும் மாதாமாதம் இணையத்துக்குப் பணம் கட்டக்கூடாது. ஓய்வூதியம் போலக் கைக்கு வரும் சிறு தொகையில் வாழும் மூத்தோருக்கு இதை மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

எவை இலவசம், எவை இலவசமில்லை

மீடியாகார்ப் ஒளிபரப்பும் ஆறு சேனல்கள் இலவசம்: சேனல் 5, சேனல் 8, சேனல் யு, சுரியா, வசந்தம், சிஎன்ஏ. முன்பு இருந்த ஓக்டோ 2019 மே மாதம் சேனல் 5-உடன் இணைந்துவிட்டது. அதைத் தேடிக் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். டிவி வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு 110 வெள்ளி உரிமக் கட்டணம் இருந்த காலம் 2011-இல் முடிந்தது.

சன் டிவி, விஜய், ஜீ தமிழ் எல்லாம் சிங்டெல், ஸ்டார்ஹப் நிறுவனங்களின் கட்டணத் தொகுப்புகளில்தான் வரும். எந்த ஆன்டெனாவை எங்கே வைத்தாலும் அவை கிடைக்கமாட்டா. வீட்டில் உள்ளவர்கள் தினமும் பார்ப்பது சன் டிவி தொடர் என்றால், இந்தப் பதிவு பாதிக்குத்தான் உதவும். ஆன்டெனாவைப் பொருத்தும் முன்பே அதை அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

படி 1: டிவியின் முதுகைப் பாருங்கள்

சிங்கப்பூரில் டிஜிட்டல் ஒளிபரப்பு 2013 டிசம்பரில் தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. இன்று காற்றில் வருவது டிவிபி-டி2 என்ற தரத்தில் மட்டுமே. உங்கள் டிவிக்குள் அந்தச் சிக்னலைப் படிக்கும் டியூனர் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பின்புற ஸ்டிக்கரிலோ, கையேட்டிலோ, மாடல் எண்ணை இணையத்தில் தேடினால் வரும் விவரக்குறிப்பிலோ 'டிவிபி-டி2' என்று இருக்கும். கடைசி '2' முக்கியம். வெறும் டிவிபி-டி என்று மட்டும் இருந்தால் அந்த டிவி உள்ளூர்ச் சிக்னலைத் தானாகப் படிக்காது.

டியூனர் இல்லையென்றால் டிவியைத் தூக்கிப்போட வேண்டாம். டிவிபி-டி2 செட்டாப் பாக்ஸ் ஒன்று வாங்கினால் போதும். ஆன்டெனா பாக்ஸில் செருகும், பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் டிவிக்குப் போகும். எச்டிஎம்ஐ இல்லாத பழைய டிவிக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள கேபிள் போடும் பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள். பாக்ஸின் மின் அடாப்டரில் சிங்கப்பூர்ப் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

படி 2: சுவரில் இருக்கும் சாக்கெட்டை நம்பலாமா?

பலர் இங்கேதான் நேரத்தை வீணாக்குகிறார்கள். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் வரவேற்பறையில் ஒரு டிவி சாக்கெட் இருக்கும். அது பெரும்பாலும் ஸ்டார்ஹப் கேபிள் கட்டமைப்புக்காகப் போடப்பட்டது. அந்தக் கேபிள் சேவை 2019 செப்டம்பர் 30-ஆம் தேதியுடன் நின்றுவிட்டது, ஒளியிழைக் கம்பியான ஃபைபருக்கு மாறிவிட்டார்கள். அதில் ஒயரைச் செருகிவிட்டு மணிக்கணக்கில் சேனல் தேடினாலும் ஒன்றும் வராது. வீவக வீட்டில் அறைக்குள் வைக்கும் ஆன்டெனாவே நேர்வழி.

காண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி என்றால் மொத்தக் கட்டடத்துக்கும் பொதுவான ஆன்டெனா இருக்கலாம். நிர்வாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். தரைவீட்டில் கூரை ஆன்டெனா இருந்தாலும் அதன் வயதைப் பாருங்கள். அனலாக் காலத்தில் சேனல் 5-உம் 8-உம் விஎச்எஃப் என்ற தாழ்ந்த அலைவரிசையில் வந்தன. இப்போது டிஜிட்டல் முழுக்க யுஎச்எஃப் என்ற உயர்ந்த அலைவரிசையில். விஎச்எஃப்-க்காக மட்டும் செய்த பழைய கூரை ஆன்டெனா இன்று சரிவர உதவாது.

படி 3: ஆன்டெனாவை வாங்கிப் பொருத்துவது

கடையில் மூன்று விதம் பார்ப்பீர்கள். சுவரில் ஒட்டும் தட்டைத் தாள் போன்றது, மேசையில் நிற்கும் சிறு கம்பி, மின்சாரத்தில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர் சேர்ந்தது. மூன்றாவதற்குத்தான் விலை அதிகம், விளம்பரமும் அதிகம். சிக்னலைப் பெருக்கும் கருவி எப்போதும் நல்லதென்று நினைக்க வேண்டாம். ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. அதற்கு அருகே குடியிருப்பவருக்கு ஆம்ப்ளிஃபயர் சிக்னலை அளவுக்கு மீறி ஏற்றி, படத்தையே கெடுத்துவிடும். முதலில் ஆம்ப்ளிஃபயர் இல்லாததை வாங்குங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். கேபிள் குறைந்தது மூன்று மீட்டராவது இருக்கட்டும், ஏனென்றால் நல்ல சிக்னல் கிடைக்கும் இடம் டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது இந்த வரிசையில் செய்யுங்கள்.

ஆன்டெனாவை டிவியின் ஆன்டெனா துளையில் செருகிவிட்டு, தற்காலிகமாக ஜன்னலோரம் வையுங்கள். ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' அழுத்தி 'டிவி'யைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அமைப்புகளில் சேனல் பகுதிக்குப் போனால் தானியங்கித் தேடல் இருக்கும். தேடலைத் தொடங்குமுன் டிவி இரண்டு கேள்விகள் கேட்கும். நாடு எது என்றால் சிங்கப்பூர். ஆன்டெனாவா கேபிளா என்றால் ஆன்டெனா. இந்த இரண்டாவது கேள்வியில் கேபிள் என்று இருந்துவிட்டால் ஒரு சேனலும் சிக்காது. 'ஒன்றுமே வரவில்லை' என்று வரும் புகார்களில் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். டிஜிட்டல் மட்டும் என்று கேட்டால் அதையே தேர்ந்தெடுங்கள், நேரம் மிச்சமாகும்.

தேடல் முடிந்ததும் ஆறு சேனல்களும் வந்துவிட்டால் சந்தோஷம். வடக்கே உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் சில வீடுகளில் ஜோகூர்ப் பக்கத்து மலேசியச் சேனல்களும் சேர்ந்து விழும், ஏனென்றால் அவர்களும் இதே டிவிபி-டி2 தரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது கூடுதல் வரவு, அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அல்லது ஒன்றிரண்டு சேனல்களைக் காணோம் என்றால் ஆன்டெனாவை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் மறுபடி முழுத் தேடல் போட வேண்டியதில்லை. வந்திருக்கும் ஒரு சேனலை வைத்துக்கொண்டு, அமைப்புகளில் சிக்னல் விவரத்தைத் திறந்துவையுங்கள். அங்கே வலிமை, தரம் என்று இரண்டு அளவுகள் இருக்கும். தரம் என்பதைப் பார்த்து நகர்த்துங்கள். வலிமை உச்சத்தில் இருந்தும் தரம் குறைவாக இருந்தால் படம் நிற்காது. டிஜிட்டலில் அனலாக் போலப் படம் மெல்ல மங்கிக்கொண்டே போகாது, ஓரளவு வரை தெளிவாக இருந்துவிட்டு ஒரேயடியாக உறைந்துவிடும். அதனால் தரம் எல்லைக்கோட்டில் இருக்கும் இடத்தில் ஆன்டெனாவை விட்டுவிடாதீர்கள், மழை நாளில் தெரிந்துவிடும்.

எங்கே நகர்த்துவது? உயரமாக, ஜன்னலை ஒட்டி. இரும்பு கிரில்லின் மேல் படாமல் வையுங்கள், உலோகம் சிக்னலைக் குலைக்கும். படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைத்துப் பாருங்கள். இணைய ரூட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் தற்காப்பு அறையின் கனத்த கான்கிரீட் சுவர் சிக்னலை அப்படியே தடுக்கும், அதன் பின்னால் வைப்பது வீண். எதிரே புளோக் மறைத்தால் மறுபக்க ஜன்னலையும் முயலுங்கள். பக்கத்துக் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலே சில வீடுகளுக்குப் போதும். நல்ல இடம் கிடைத்ததும் மறுபடி ஒருமுறை முழுத் தேடல் போட்டு, ஒட்டிவிடுங்கள். இரண்டு டிவிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் சிக்னல் பாதியாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே மட்டும் எதையும் தொங்கவிடாதீர்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் சிறு கம்பியும் கீழே நடப்பவரின் உயிரை எடுத்துவிடும்.

செட்டாப் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அதன் அமைப்புகளில் 'ஆன்டெனா பவர்' என்று இருக்கும். ஆம்ப்ளிஃபயர் உள்ள சில ஆன்டெனாக்கள் அந்த 5 வோல்ட்டில் இயங்குகின்றன. சாதாரண ஆன்டெனாவுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

படி 4: பிராட்பேண்ட் வழி

வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இருந்தால் இது சுலபம். ஸ்மார்ட் டிவியில் மீவாட்ச் செயலியை இறக்கி, இலவசக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். கட்டணப் பிரிவும் அதில் உண்டு, இலவச நேரலைக்கு அது தேவையில்லை. ஸ்மார்ட் டிவி பழையதாகி, செயலிக் கடையில் மீவாட்ச் தெரியவில்லை என்றால் எச்டிஎம்ஐ-யில் செருகும் ஸ்ட்ரீமிங் கருவி ஒன்று போதும். முடிந்தால் ரூட்டரிலிருந்து டிவிக்கு லேன் கேபிள் போடுங்கள். பல புதிய வீவக வீடுகளில் ஃபைபர் முனை வாசல் பக்கத்து மின்பெட்டிக்குள் இருக்கிறது, டிவியோ தூரத்தில். இடையில் தற்காப்பு அறைச் சுவர் வந்தால் வைஃபை திணறும்.

விட்டுப்போன நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பது இந்த வழியின் பெரிய லாபம். இரவு வேலைக்குப் போகிறவர் வசந்தம் தொடரை மறுநாள் பார்க்கலாம். ஆன்டெனாவால் அது முடியாது. ஆனால் ஒளிபரப்பு உரிமை காரணமாகச் சில நிகழ்ச்சிகள், குறிப்பாக விளையாட்டு, இணைய நேரலையில் வராமல் போகும். தாமதமும் உண்டு. தேசிய தின அணிவகுப்பில் விமானங்கள் ஆன்டெனா டிவியில் பறந்து முடிந்த பிறகே மீவாட்சில் வரும். பக்கத்து வீட்டுக்காரர் கோல் என்று கத்திய பின் உங்கள் திரையில் பந்து நகரத் தொடங்கும்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கலாமே என்று வாடகை அறையில் தங்கியிருக்கும் தம்பிகள் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிவான படத்துக்கு இணைய வேகம் 5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதம் 200 ஜிபி-க்கு மேல். ப்ரீபெய்டு சிம்மில் அது கட்டுப்படியாகாது. அறையில் டிவி இருந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு ஆன்டெனா வாங்குங்கள். அறை மாறும்போது கையோடு எடுத்துப்போகலாம்.

'ஒருமுறை வாங்கினால் உலகத் தமிழ்ச் சேனல்கள் எல்லாம் இலவசம்' என்று விற்கப்படும் ஆண்ட்ராய்டு பாக்ஸ்களை வாங்காதீர்கள். திருட்டு ஒளிபரப்பைக் காட்டும் கருவிகளை விற்பதே 2021 காப்புரிமைச் சட்டப்படி குற்றம். சேவை ஒருநாள் நின்றுபோனால் விற்றவரைத் தேடிப்பிடிக்கவும் முடியாது.

படி 5: யாருக்கு எது

மூத்தோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆன்டெனாதான், சந்தேகமே வேண்டாம். எண்ணை அழுத்தினால் சேனல் வர வேண்டும். கடவுச்சொல், புதுப்பிப்பு, 'மீண்டும் உள்நுழையவும்' என்ற அறிவிப்பு இவையெல்லாம் அவர்களை டிவியிலிருந்தே விரட்டிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. குடிமைத் தற்காப்புப் படையின் 'முக்கியச் செய்தி' ஒலி கேட்டால் உள்ளூர் வானொலியையோ தொலைக்காட்சியையோ கவனிக்க வேண்டும். அன்றைக்கு இணையம் அறுந்திருந்தாலும் ஆன்டெனா வேலை செய்யும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பிராட்பேண்ட் எப்படியும் இருக்கும். அங்கே இரண்டையும் வையுங்கள், ஆன்டெனாவுக்கு ஆகும் செலவு ஒருமுறைதான். ஜன்னலெங்கும் முயன்றும் தரம் ஏறாத கீழ்த்தள வீடு என்றால் மட்டும் இணையத்தை முதல் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இணையக் கட்டணத்தில் உதவ, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் திட்டம் இருக்கிறது. பெற்றோருக்காக நீங்களே விண்ணப்பித்துக் கொடுங்கள்.

பெற்றோர் வீட்டில் பொருத்தி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். வசந்தத்தையும் சிஎன்ஏ-வையும் விருப்பப் பட்டியலில் முதலில் போடுங்கள். டிவியை ஆன் செய்தால் நேரே சேனல் வரும்படி அமையுங்கள், பல ஸ்மார்ட் டிவிகள் செயலிப் பக்கத்தில் போய் நிற்கும். ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானைத் தெரியாமல் அழுத்தினால் எப்படித் திரும்புவது என்பதை அவர்கள் கையாலேயே இரண்டு மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். அதைப் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஏதாவது சேனல் திடீரென்று காணாமல் போனால் தானியங்கித் தேடலை மறுபடி ஓட்ட வேண்டும் என்றும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள்.