மண்சரிவு எச்சரிக்கையை முகநூலில் தேடும்போது

மழை நாட்களில் இலங்கையின் நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டங்களில் பலர் வீதி நிலவரத்தை முதலில் தேடுவது முகநூலிலும் வட்சப் குழுக்களிலும்தான். எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது என்பதை அங்குள்ளவர்களே உடனுக்குடன் படமெடுத்துப் போடுவதால் அது நல்ல பழக்கமே. ஆனால் மண்சரிவு எச்சரிக்கையின் படம் பகிரப்பட்டு வந்தால், அதில் இந்த எச்சரிக்கைகளை வெளியிடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர், வெளியிட்ட திகதி, செல்லுபடியாகும் நேரம், உங்கள் பிரதேச செயலகப் பிரிவு ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். திகதி வெட்டப்பட்ட படத்தை நம்ப வேண்டாம். அது போன வருட மழைக்கு உரியதாகவும் இருக்கலாம். எச்சரிக்கையின் நிறங்களில் மஞ்சள் விழிப்புடன் இருக்கவும், செம்மஞ்சள் வெளியேறத் தயாராகவும், சிவப்பு வெளியேறவும் சொல்கிறது. சந்தேகமிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழையுங்கள். நிலத்தில் புதிய வெடிப்போ, ஊற்றில் திடீர்க் கலங்கலோ தென்பட்டால் எந்தப் பதிவுக்கும் காத்திராமல் வெளியேறுங்கள்.