ஜப்பானிய நாவலில் துயரத்தை எங்கே தேடுவது?

நாகர்கோவிலில் மாதம் ஒருமுறை கூடி நூல்களைப் பேசும் எங்கள் சிறு வட்டம் நவீன ஜப்பானியப் புனைவை முதன்முறை எடுத்துக்கொண்டபோது, "இவ்வளவு சாவு நிகழ்ந்தும் யாரும் வாய்விட்டு அழவில்லையே" என்று ஒரு தோழி வருந்தினார். ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆகவே, தேடும் இடத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில், கதையை நினைவுகூர்பவரின் இப்போதைய வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாருகி முரகாமியின் 1987ஆம் ஆண்டு நாவலான 'நார்வீஜியன் வுட்'டில், ஹாம்பர்க்கில் தரையிறங்கும் விமானத்தில் பழைய பாட்டொன்றைக் கேட்கும் 37 வயது வத்தானபே, 18 ஆண்டுகளுக்கு முன் தான் நேசித்த நவோகோவுடன் நடந்த புல்வெளியை நினைக்கிறான். புல்லின் மணமும் காற்றின் குளிர்ச்சியும் உடனே வந்துவிடுகின்றன. அவள் முகம் வரத் தாமதமாகிறது. முன்பு 5 விநாடியில் வந்த முகத்துக்குப் பிறகு 10 விநாடி, 30 விநாடி, கடைசியில் ஒரு முழு நிமிடம் தேவைப்படுகிறது. அந்த எண்களின் அடியில் கோடிடுங்கள். தன்னை மறந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டவள் அவள் என்பதால், நாவலின் அழுகை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு அத்தியாயத்திலும், பார்ப்பது அன்றைய மாணவனா, இன்றைய நடுவயதினனா என்று கேட்டபடி செல்லுங்கள். கூட்டத்தில் இளையோர் இருந்தால், கதையில் தற்கொலைகள் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, வீட்டுப் பொருள்களைக் கவனியுங்கள். பனானா யோஷிமோத்தோவின் 'கிச்சன்' 1988இல் நூலாக வந்தது. பாட்டியையும் இழந்து தனித்துப்போன மிகாகேவுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் அருகே படுத்தால்தான் தூக்கம் வருகிறது. இதை விசித்திரம் என்று கடந்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் குளச்சலில் நான் அறிந்த ஓர் அம்மா, மகன் கடலுக்குக் கொண்டுபோகும் தூக்குவாளியை மாலைதோறும் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைப்பார். அவரைப் பற்றி எழுத நேர்ந்தால், நான் அந்த வாளியிலிருந்தே தொடங்குவேன்.

அதே நூலில், துயரத்தில் ஒதுங்கி வெளியூர் விடுதியொன்றில் தங்கியிருக்கும் நண்பன் யுயிச்சிக்காக, பொரித்த பன்றியிறைச்சி இட்ட சோற்றை வாங்கிக்கொண்டு மிகாகே நள்ளிரவில் டாக்சியில் நெடுந்தூரம் போகிறாள். அந்தப் பக்கங்களை மௌனமாக வாசிக்காமல், ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள்.