இசை, நாட்டியப் படிப்புக்குப் பணம் திரட்டும் வழி: குமரி மாவட்டப் பெற்றோருக்கு

கடனைப் பற்றி யோசிக்கும் முன், கட்டணம் குறைந்த அரசு நிறுவனங்களைப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து எட்டும் தொலைவில் திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளியும் மதுரையில் அரசு இசைக் கல்லூரியும் உள்ளன; திருவனந்தபுரத்து சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இன்னும் அருகில் இருந்தாலும், தமிழ்நாட்டு உதவித்தொகை அங்கே கிடைக்குமா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோர் பலர் கல்விக் கட்டணத்தை மட்டுமே கணக்கிடுகிறார்கள். மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுவதும், நாகசுரத்துக்குப் புதுச் சீவாளி (ஊதும் முனையில் பொருத்தும் நாணல் துண்டு) வாங்குவதும், நாட்டிய உடை தைப்பதும் திரும்பத் திரும்ப வரும் செலவுகள் என்பதால், கல்லூரியிடம் பெறும் செலவு மதிப்பீட்டில் விடுதிச் செலவோடு இவற்றையும் எழுதி வாங்கி வங்கியில் கொடுங்கள். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், குருவிடம் தனியாகக் கற்பதற்கு இக்கடன் பொருந்தாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஏற்கெனவே நன்கு பயின்ற 18 முதல் 25 வயதுக் கலைஞர்களுக்கு ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் 2 ஆண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய் வழங்குகிறது. இதைத்தான் நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்குங்கள். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பிள்ளையின் பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும்.